வளைவுக்கு நூத்தம்பது

தப்பு மணிவண்ணனுடையதுதான். சரக்கு வண்டி பேசிய அன்று கம்பெனிப் பெண்ணிடம் ஊர்க்கதையெல்லாம் சொன்னவன், எழுபது கொண்டை ஊசி வளைவுகளை மட்டும் சொல்ல மறந்துவிட்டான்.

ஒன்றிரண்டு என்றால் மறக்கலாம், எழுபதை எப்படியப்பா மறந்தாய் என்று பிற்பாடு கேட்காத ஆள் இல்லை. அதற்கு அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. கொல்லிமலையில் பிறந்தவனுக்கு வளைவு என்பது ரோட்டில் இருக்கும் கோளாறு அல்ல. ரோடு என்றாலே அதுதான். திருப்பூருக்குப் பிழைக்கப் போன புதிதில் அவினாசி ரோட்டைப் பார்த்துவிட்டு, "இதென்ன, கூச்சமே இல்லாம இப்பிடி நேராப் போவுது!" என்று வாயைப் பிளந்தவன் அவன்.

போனில் பேசிய பெண்ணின் பெயர் கோகிலா. 'மயிலிறகு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்ற கம்பெனியின் புக்கிங் பிரிவு. குரலும் மயிலிறகு மாதிரியேதான் இருந்தது.

"சார், டெலிவரி எடுக்கற இடத்துல ரோடு எப்படி சார்?"

"பட்டாட்டம் இருக்குமுங்க. போன வருசந்தான் தார் போட்டாங்க."

"வீடு எத்தனாவது மாடி சார்?"

ஓட்டு வீடு, தரையோடு தரை என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மணிவண்ணனின் நாக்கு அவனுக்கு முன்னால் ஓடுகிற நாக்கு. "ரொம்ப உசரமுங்க. சன்னலத் தொறந்தா மேகம் உள்ள வந்து சேர் போட்டு உக்காந்துக்கும்" என்றான்.

"லிஃப்ட் இருக்கா சார்?"

"இல்லீங்க, பஸ்ஸுதான். அதுவும் அதுக்குத் தோணுனா வரும்."

கோகிலா சிரித்தாள். ஒரு பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்ட பெருமையில் மணிவண்ணன் போனை வைத்தான். சிரித்துக்கொண்டே அவள் எதையோ தட்டச்சு செய்த சத்தம் அவன் காதில் விழவில்லை.

மொத்தம் பதினாறாயிரம் என்று பேச்சு. பாதியை முன்பணமாகக் கட்டியாயிற்று.

மணிவண்ணன் பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஊரார் சட்டைச் சுருக்கத்தையெல்லாம் நீக்கியதில் தன் நெற்றியில் சுருக்கம் விழுந்ததைக் கவனிக்கவில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். அவன் மனைவி பானுமதி அதே கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவள். அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரி. மகள் சேலத்தில் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் மணிவண்ணன் மலைக்குத் திரும்பும் பேச்சை எடுத்தான். மலையில் அவன் ஊரான நாரத்தங்குழிப்பட்டியில் அப்பா விட்டுப்போன வீடும், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் இருந்தன. பானுமதியின் சேமிப்பில் நாலு பவர் மிஷினும் ஒரு ஓவர்லாக் மிஷினும் வாங்கினார்கள். மலையில் ஒரு தையல் கடை.

ஆனால் பானுமதியின் அண்ணன் சின்னக்கண்ணு முள்ளுக்குறிச்சியில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரேயே ஒரு கடையைக் காலியாக வைத்திருந்தார். ஷட்டர் போட்டது, மும்முனைக் கரண்டு உள்ளது. "அந்தக் குளுருல அட்டைப்பூச்சிக்கா ஜாக்கெட் தெய்க்கப் போற? ஒரு மாசத்துல எறங்கி வந்துருவ கண்ணு. கடை உனக்குன்னு கெடக்குது" என்று போனில் சொல்லியிருந்தார். வாடகையும் வேண்டாம் என்று சொன்னதுதான் மணிவண்ணனின் தூக்கத்தைக் கெடுத்தது.

பானுமதிக்கு மலையில் இருக்க மனசு உண்டா? அதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டான்.

"மலைக்கு வந்தீன்னா உன்ற பேருல ஒரு மேகம் எழுதி வைக்கறேன். வாரியா?"

"மேகத்துக்குப் பட்டா குடுக்கறாங்களான்னு தாலுகா ஆபீசுல கேட்டுட்டு வாங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

ஆனி மாதத்து விடியலில் வண்டி, மணிவண்ணனையும் பானுமதியையும் முன்சீட்டில் வைத்துக்கொண்டு, காரவள்ளிக்கு வந்து சேர்ந்தது. மலையேறும் ரோடு அங்கேதான் தொடங்குகிறது. மூடிய பெட்டி வைத்த பதினாலு அடி வண்டி. ஓட்டி வந்த அருள் தஞ்சாவூர்ப் பக்கம். ஒல்லியாக, தூங்காத கண்ணோடு இருந்தான். கூட இரண்டு லோடுமேன்கள் வருவார்கள் என்று பேச்சு. திருப்பூரில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். "இறக்கற இடத்துல லோக்கல் ஆளுங்க இருப்பாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்கண்ணே" என்றான் அருள். அந்த லோக்கல் ஆள் தான்தான் என்பது மணிவண்ணனுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, அருள் தலையைத் தூக்கிப் பார்த்தான். மலை மேகத்துக்குள் போய்க் காணாமல் போயிருந்தது.

"ஊரு எங்கண்ணே?"

"மேலதான். இந்தா, ஏறுனா வந்துரும்."

"அந்த மேகத்துக்குக் கீழயா?"

"மேகத்துக்கு மேல."

அருள் டீயை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். "எங்க ஊர்ல ஆத்துப் பாலத்துல ஏறுனாலே மேட்டுல ஏறிட்டோம்னு சொல்லுவோம்ணே" என்றான்.

சரியாக அந்த நேரத்தில் போன் வந்தது. கம்பெனி மேனேஜர் கார்த்தி. மணிவண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம் சார்! பயணம் சவுகரியமா இருந்துச்சா? சின்ன அப்டேட் சார். நீங்க சொல்லாத சில விஷயம் சிஸ்டத்துல வந்திருக்கு. மலைப்பாதை. எழுபது வளைவு. வளைவுக்கு நூத்தம்பது. அப்புறம் லிஃப்ட் இல்லாத மேல்மாடி..."

"மேல்மாடியா? ஓட்டு ஊடுங்க அது!"

"மேகம் சன்னல்ல வரும்னு நீங்கதான் சார் சொல்லியிருக்கீங்க. ரெக்கார்டு இருக்கு. அந்த ஈரத்துக்கு ஸ்பெஷல் பேக்கிங்கும் போட்டிருக்கோம்."

"என்ன பேக்கிங்குங்க போட்டீங்க? சாக்குதானங்க போட்டிருக்குது!"

"நல்ல கேள்வி சார்" என்றார் கார்த்தி.

"சரி, மொத்தம் எவ்வளவுங்க ஆகுது?"

"நீங்க டென்ஷன் ஆகாதீங்க சார்."

"ஆகலீங்க. எவ்வளவு?"

"கஸ்டமர் திருப்திதான் சார் எங்களுக்கு முக்கியம்."

நாலைந்து சுற்றுக்குப் பிறகு, பேசிய தொகைக்கு மேல் இன்னும் பதினெட்டாயிரம் என்பது கேப்பைக்குள் கிடந்த கல் மாதிரி வெளியே வந்து விழுந்தது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாதி கீழே விட்டார்.

"வேற வழியும் இருக்கு சார்" என்றார் கார்த்தி, தேன் குரலில். "முள்ளுக்குறிச்சியில உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்கன்னு ஃபார்ம்ல போட்டிருக்கீங்க. அங்கயே இறக்கிக்கலாம். தரை ரோடு. எக்ஸ்ட்ரா ஒரு ரூபா கிடையாது."

மிஷின் முள்ளுக்குறிச்சியில் இறங்கினால், மிஷினோடு பானுமதியும் இறங்குவாள். சின்னக்கண்ணு ஷட்டரைத் தூக்கிவிட்டபடி நிற்பார். மிளகு மரத்துக்குக் கீழே மணிவண்ணன் தனியாக நின்று நகைச்சுவை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மரமும் சிரிக்காது.

அவன் பானுமதியைப் பார்த்தான். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கிக்கறதுன்னா இப்பவே சொல்லிரு தாயி. முள்ளுக்குறிச்சி பஸ்ஸு நிக்குது. உங்கண்ணன் சாம்பிராணி போட்டு வரவேற்பாரு" என்றான், சிரித்த முகத்தோடு.

"டீ ஆறுதுங்க" என்றாள் பானுமதி.

மணிவண்ணன் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். "இங்க பாருங்க சார். வளைவச் சொல்லாம உட்டது என்ற தப்பு. அதுக்காவ மூவாயிரம் சேத்தித் தாரேன். அந்த மேல்மாடியையும் மேகத்தையும் நீங்களே வெச்சுக்கங்க."

"சரி சார், ஏறுங்க. உங்களுக்காக மேலிடத்துல பேசிக்கறேன்" என்றார் கார்த்தி. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டவர் சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை என்று பானுமதிக்குத் தோன்றியது. அவள் டீ கிளாசை வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

முதல் பத்து வளைவில் அருள் பேசிக்கொண்டே ஓட்டினான். அடுத்த ஐந்தில் பேச்சு நின்றது. அதற்கப்புறம் முருகா முருகா என்பது மட்டும் கேட்டது. மூன்று பேரும் முன்சீட்டில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சாரல் கண்ணாடியில் பூவாணம் மாதிரி தெறித்தது. கிளட்ச் கருகும் வாசனையும், ஈரத்தில் முளைத்த இலை வாசனையும், எங்கிருந்தோ பழுத்த பலா வாசனையும் ஒன்றாக வந்தன.

"பயப்படாத சாமி, கீழ பாக்காத" என்றான் மணிவண்ணன்.

"பாக்கலண்ணே. கண்ணே தொறக்கல."

பத்தொன்பதாவது வளைவில், பாறை ஓரமாக, செல்போனுக்கு டவர் கிடைக்கும். மலையில் எல்லாருக்கும் தெரியும். கார்த்திக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அருளின் போன் அடித்தது. அவன் வளைவின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு எடுத்தான்.

"அருள், வண்டிய நிறுத்து. பார்ட்டிகிட்ட முழுப்பணத்தையும் இப்பவே போடச் சொல்லு. மூவாயிரமெல்லாம் மேலிடத்துல ஒத்துக்கல. போடலைன்னா வண்டியத் திருப்பு. சாமான் கொடவுனுக்கு வரட்டும். கொடவுன் வாடகை தினத்துக்கு ஏறும்னு சொல்லிடு."

"திருப்பவா?" என்றான் அருள். அவன் இடப்பக்கம் பார்த்தான், பாறை. வலப்பக்கம் பார்த்தான், ஆகாசம். "சார், எங்க சார் திருப்புறது?"

"அது உன் வேலை."

அந்தத் திகைப்பில் அவன் கால் பிரேக்கில் தளர்ந்தது. வண்டி ஒரு முழம் பின்னால் நழுவியது. அவ்வளவுதான், மணிவண்ணன் பானுமதியின் மடியைத் தாண்டிக் குதித்து, ரோட்டோரம் கிடந்த கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். மலையில் ஒரு வண்டி பின்னால் நகர்ந்தால் கல் கொடுக்க யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. விரோதி வண்டியாக இருந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் சண்டை.

நிமிர்ந்தால் பின்னால் பஸ் நின்றது. மேலிருந்து, பலாப்பழம் அடுக்கிய பிக்கப் வண்டி ஒன்று இறங்கி வந்து மூக்குக்கு மூக்காக நின்றது. அதை ஓட்டியவன் சின்னுசாமி, ஒரே ஊர்க்காரன். பக்கத்து சீட்டில் மடியில் தூக்குப் போசியோடு உட்கார்ந்திருந்தவள் மணிவண்ணனின் அக்கா பாவாயி.

"ஏன்டா மணி, ஊட்டுக்கு வாடான்னா ரோட்டுல குடித்தனம் வெச்சுட்டியா?" என்று இறங்கும்போதே ஆரம்பித்தாள். "எதுக்க வந்து சோறு குடுத்துக் கூட்டியாரலாம்னு பாத்தா நட்டநடு வளவுல வண்டியப் போட்டு ஊருக்கே ரோட்ட அடச்சுட்டு நிக்கற!"

"வரவேற்பு பலமா இருக்கட்டும்னுதானுங்கக்கா, பஸ்ஸையும் கூட்டியாந்தேன்."

பஸ்ஸிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். டிரைவர் மாதேஸ்வரன் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றி, "என்னப்பா கம்பெனி வண்டி, முட்டை போட்டுட்டு இருக்குதா?" என்று கத்தினார். விஷயம் வாய்க்கு வாய் பரவியது. வளைவுக்கு நூத்தம்பது என்பதைக் கேட்டு ஒரு பெரியவர், தன் வயசுக்குத் தான் ஏறி இறங்கிய வளைவுகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் மயக்கம் வருகிறது என்று கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள என்ன சாமான்?" என்றாள் ஒரு பெண்.

"தெய்யல் மிசினுங்க. அஞ்சு" என்றாள் பானுமதி.

பெண்கள் பக்கம் ஒரே சத்தம்.

"மேலயா? நம்ம மலைக்கா?"

"ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க எழுவது வளவு எறங்கோணும். தெச்சத வாங்க மறுக்கா எழுவது. அதுக்குள்ள நான் ஒரு சுத்து பெருத்துப்போறேன்!"

"எனக்கு வாந்தியிலயே போச்சு, போக ஒண்ணு வர ஒண்ணு. தெய்க்கூலியக் காட்டியும் எலுமிச்சங்காச் செலவு சாஸ்தி."

"ஏம்ப்பா டிரைவரு, இந்த மிசினு மேல போவாம நீ இந்த மலைய உட்டு எறங்கீருவியா? பாத்தர்லாம்!"

அருள் கைகூப்பினான். "அக்கா, நான் கூலிக்காரன்க்கா. வளைவுக்கு நூத்தம்பதுல ஒரு வளைவு கூட எனக்கு வராது."

அவன் கையில் இருந்த போனில் கார்த்தி இன்னும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார். பானுமதி அதை வாங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். லைனில் நாற்பது டெய்லர்களை மேய்த்த குரல் அவளுக்கு உண்டு. அது உயராது, தெளியும்.

"வணக்கமுங்க கார்த்தி சார். நான் மணிவண்ணன் சம்சாரம் பேசறேன். நீங்க போட்ட சார்ஜெல்லாம் நாயந்தானுங்க."

மேனேஜர் குரலில் தேன் திரும்ப வழிந்தது. "தேங்க்ஸ் மேடம். நீங்களாவது புரிஞ்சுக்கிட்டீங்களே."

"இப்ப எங்க சார்ஜக் கேட்டுக்கங்க. உங்க வண்டி வளவுல நின்னுபோச்சு. பின்னால உருண்டா உங்க வண்டியும் கெடையாது, எங்க மிசினும் கெடையாது. கல்லு குடுத்துத்தான் நிக்குது. இனியும் அம்பத்தோரு வளவு இருக்குதுங்க. ஒவ்வொண்ணுக்கும் கல்லு குடுக்க ஆளு வேணும். கல்லுக்கு நூத்தம்பது. உங்க ரேட்டேதான் போட்டிருக்கறேன்."

பாவாயி பதறிப்போனாள். "அடியே, கல்லு குடுக்கறதுக்குக் காசா? எந்தக் காலத்துலடி வாங்கியிருக்குது? சாமி குத்தமாயிரும்!"

"சித்த சும்மா இருங்க நங்க" என்று நாத்தனாரிடம் கண்ணைக் காட்டிவிட்டு, பானுமதி தொடர்ந்தாள். "ரிவர்ஸு பாத்துச் சொல்ற ஆளுக்குத் தனிங்க."

"மேடம், இதெல்லாம் எங்க பாலிசியில இல்ல."

"எங்க பாலிசியில இருக்குதுங்க."

கூட்டத்துக்கு விளையாட்டு விளங்கிவிட்டது. கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டு, "பஸ்ஸு காத்திருப்புக் கட்டணம் சொல்லுங்கக்கா!" என்றார். சின்னுசாமி, "பலாப்பழம் நின்ன எடத்துல பழுக்குது, பழத்துக்கு இவ்வளவுன்னு போடுங்க!" என்றான். கல்லில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து, "எனக்கு மயக்கம் வந்ததுக்கு?" என்றார்.

"டிரைவரு தம்பி பசியோட வந்திருக்கறாரு. சாமைச்சோறு, பலாக்கொட்டைக் கொழம்பு. அதுக்கும் சேத்துங்களா?" என்றாள் பானுமதி போனில்.

"சோத்துக்கு மட்டும் போடாதடி, அது என்ற கணக்கு" என்றாள் பாவாயி. அவளுக்கும் இப்போது ருசி தட்டியிருந்தது. "வேண்ணா ஊறுகாய்க்குப் போட்டுக்க."

மேனேஜர் குரலில் தேன் வற்றியது. "மேடம், விளையாடாதீங்க. அருளுகிட்ட குடுங்க. அருள், வண்டியத் திருப்புறியா இல்லையா?"

அருள் போனை வாங்கவில்லை. குனிந்து அதன் அருகே வாயை வைத்துச் சொன்னான்: "சார், இங்க திருப்புனா நானும் வண்டியும் கொடவுனுக்கு இல்ல, நேரா மேலோகத்துக்குத்தான் போவோம். நீங்க வந்து திருப்பிக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் சாப்பிடுறேன்." சொல்லிவிட்டுப் பாவாயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தூக்குப் போசி திறந்தது. மிளகும் மொச்சையும் பலாக்கொட்டையும் கொதித்த குழம்பின் மணம், கிளட்ச் வாசனையை அடித்து விரட்டியது.

பின்னால் பஸ் ஹாரனும், அதற்கும் பின்னால் சேர்ந்துவிட்ட வண்டிகளின் ஹாரனும் கார்த்தியின் காதில் விழும்படி பானுமதி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"ஃபைனலா என்னங்க மேடம் சொல்றீங்க?"

"பேசுன பேச்சு, சார். பதினாறாயிரத்துல பாக்கி பாதி. அது மேல இவரு வாயால ஒத்துக்கிட்ட மூவாயிரம். சாமான் ஊட்டுல எறங்குனதும் தருவோம். கல்லுக்கும் ஆளுக்கும் உங்க சார்ஜுக்கும் நேருக்கு நேரு கழிச்சுக்கலாம். சரின்னா எழுதி அனுப்புங்க. டவரு இந்தப் பாறையோட போச்சு, அப்புறம் ஊரு போற வரைக்கும் கெடைக்காது."

அரை நிமிடத்தில் போன் ஒரு சிணுங்கல் சிணுங்கியது. கார்த்தி ஒத்துக்கொண்டு அனுப்பிய செய்தியைப் பானுமதி உரக்க வாசித்தாள். கண்டக்டர் நீளமாக ஒரு விசில் ஊதினார். யாரோ ஒரு பலாப்பழத்தை அங்கேயே பிளந்து எல்லார் கையிலும் சுளை கொடுத்தார்கள். "இதுக்குத் தனிச் சார்ஜு" என்றான் சின்னுசாமி; அவனுக்கும் இரண்டு சுளை வாயில் திணிக்கப்பட்டது.

சின்னுசாமி பிக்கப்பை அடுத்த அகலமான இடம் வரைக்கும் பின்னாலேயே ஓட்டிக் கொண்டுபோய் ஒதுங்கினான். அங்கே பஸ் முன்னால் வந்தது. "தம்பி, நான் எப்பிடி ஒடிக்கறனோ அதே மாதிரி ஒடிச்சுட்டு வா. வேற எதையும் பாக்காத, என்ற பஸ்ஸோட பொடனியப் பாத்துட்டு வா" என்றார் மாதேஸ்வரன். பஸ்ஸின் கடைசி சீட்டு முழுக்கப் பெண்கள் ஏறிக்கொண்டார்கள். பின்கண்ணாடியிலும் சன்னல்களிலும் கைகளும் தலைகளும் முளைத்தன.

"ஒடி! ஒடி! இன்னும் ஒடி கண்ணு!"

"அவ்வளவுதான், நேராக்கு!"

"இந்த வளவுல தடுப்புக் கம்பி இல்ல, உள்பக்கமா வா சாமி!"

ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் படியில் தொங்கிய இரண்டு பேர் குதித்து, கையில் கல்லோடு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். அருள் கண்ணைத் திறந்து ஓட்டினான். நாற்பது வளைவு தாண்டியதும் பாடத் தொடங்கிவிட்டான். பாவாயி முன்சீட்டில் இடம் பிடித்துக்கொண்டதால் மணிவண்ணன் பஸ்ஸில் நின்றபடி வந்தான். அவனிடம் கண்டக்டர் மறக்காமல் டிக்கெட்டுக்குக் காசு வாங்கினார்.

நாரத்தங்குழிப்பட்டியில் சாரல் நின்று வெயில் அடித்தது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு சரிவு. மிஷின்களை மூங்கிலில் கட்டி, தோளுக்குத் தோள் மாற்றி, ஊரே இறக்கியது. அளவு கொடுக்க மூன்று பெண்கள் மிஷினுக்கு முன்னாலேயே வாசலில் வந்து நின்றார்கள். ஓவர்லாக் மிஷினைச் சுமந்தவர்கள் அதை வாசலில் வைத்ததும், ஒரு கிழவர் அதற்கு விபூதி பூசிவிட்டு, "கரண்டு தின்னுமா, எண்ணெய் தின்னுமா?" என்று விசாரித்தார். பேசிய பணம் பேசியபடி போனது. கார்த்தியிடமிருந்து, 'சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தரவும்' என்று ஒரு செய்தியும் வந்து சேர்ந்தது.

மத்தியானம் மறுபடியும் சாப்பிட உட்கார்ந்த அருள், மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு கவலையாகக் கேட்டான்.

"ஏறிட்டேன். அதே எழுபதையும் எறங்கணுமேண்ணே. வேற ரோடு ஒண்ணும் கிடையாதா?"

"ஏனில்ல?" என்றாள் பாவாயி, குழம்பை ஊற்றியபடி. "முள்ளுக்குறிச்சி வழியா ஒண்ணு போவுதே. இத்தன வளவு கெடையாது. பெரிய வண்டியெல்லாம் அதுலதான் வரும், போவும்."

அருளின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவன் மெதுவாகத் திரும்பி மணிவண்ணனைப் பார்த்தான். "அண்ணே... இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலீங்களே" என்றான் மணிவண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பானுமதி மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம், கூட்டம் கலைந்து, அருள் வண்டிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அவள் முதல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணிவண்ணன் ஒயர் கோர்த்துக்கொண்டிருந்தான்.

"முள்ளுக்குறிச்சி ரோட்டுல வந்தா எங்கண்ணன் கடை வாசல்ல எறங்கிக்குவேன்னு நெனச்சீங்க. அதானுங்களே?"

"அந்த ரோடு உனக்கும் தெரியுமில்ல" என்றான்.

"நான் பொறந்த ஊரு ரோடுங்க அது. தெரியாமப் போவுமா?"

"அப்பறம் ஏன் காரவள்ளியில சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்துட்டே இருந்தேன். மூவாயிரத்தத் தூக்கிக் குடுத்தீங்களே ஒழிய, வாயத் தொறக்கல."

சொல்வதற்கு அவனிடம் ஒரு நகைச்சுவை தயாராகத்தான் இருந்தது. நல்ல நகைச்சுவை. சிரிப்பு வந்திருக்கும். அவன் அதை விழுங்கினான்; மிளகை விழுங்கியது போல் எரிந்துகொண்டு இறங்கியது.

"பயந்துட்டேன் பானு" என்றான். "எத்தனையோ தடவ கேட்டுப் பாத்துட்டேன். நீதான் பதிலே சொல்லல."

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? மேகம் எழுதி வைக்கறேன்னீங்க. சாம்பிராணின்னீங்க. அதுக்குச் சிரிக்கலாம். பதில் எப்பிடிச் சொல்றது?"

அவன் ஒயரைக் கீழே வைத்தான். வெளியே மிளகு மரங்களுக்கு நடுவில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக்கூட அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"பானு, நீ இங்க இருப்பியா?"

அவள் துடைத்த துணியை மடித்து மிஷின் மேல் வைத்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இருப்பேனுங்க" என்றாள்.